சொந்தக் கார்ல கை வெக்க என்ன டூல்ஸ் வாங்கறது? பெட்டி செட்டா, ஒண்ணொண்ணாவா?

ஜூன் 2, சாயங்காலம் (கோபிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் பெட்ரோல் எடுத்திருக்கேன். ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், முன்னாடி பிரேக் பேட் இதெல்லாம் நானே மாத்திப் பழகோணும்னு ஆசை. ஆன்லைன்ல 108 பீஸ் செட் ஒண்ணு பெட்டியோட வருது, விலையும் கம்மி. எங்கூரு மெக்கானிக் அண்ணன் "செட்டா வாங்கிப்போடு, ஒண்ணொண்ணா வாங்குனா காசு எச்சாகும்"ங்கறாரு. வாங்கிப்போடலாமா?

ஜூன் 2, ராத்திரி

வாங்காதீங்க தம்பி. மெக்கானிக் சொல்றது அவருக்குச் சரி. அவரு பட்டறைக்கு காலையில மாருதி வரும், மத்தியானம் டாடா வரும், பொழுதோட ஒரு ஸ்கோடா வந்து நிக்கும், அவருக்கு அத்தனை சைஸும் வேணும். உங்களுக்கு ஒரே வண்டி. பானெட்டைத் தெறந்து வெச்சு நட்டு போல்ட்டுத் தலைய மட்டும் சித்த நேரம் பாருங்க, ஜப்பான்காரங்க டிசைன் பண்ணுன வண்டியில திரும்பத் திரும்ப 8, 10, 12, 14, 17, 19 மில்லி இதுகதான் வரும், அதுலயும் 10ம் 12ம் 14ம்தான் ரொம்ப. அந்த 108ல இதுகளைத் தள்ளிப்போட்டு மிச்சம் என்னன்னு படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, பூரா பிட்டு, எல் கீ, உங்க வண்டியில எங்கயும் இல்லாத 11, 15, 18 சாக்கெட்டு.

நான் பண்றது இதுதான்: ஒரு வேலை வர்றப்ப அந்த வேலைக்கு என்ன டூல் வேணுமோ அதை மட்டும், அதுல நல்லதா வாங்கறது. ஆயில் மாத்தற அன்னைக்கு அதுக்கு வேண்டியது, பிரேக் பேட் போடற அன்னைக்கு அதுக்கு வேண்டியது. மொத்தக் காசும் ஒரே நாள்ல போகாது, வாங்குன ஒவ்வொண்ணும் கைக்கு வரும்.

ஜூன் 3

ஸ்பேனர் பத்தி எழுத உட்டுப்போச்சு. கடையில போயி "டபுள் எண்ட் ஸ்பேனர் செட்"டுன்னு கேட்டீங்கன்னா கடைக்காரரு 12 பீஸ் செட்டை எடுத்து வெப்பாரு, 6x7ல ஆரம்பிச்சு 8x9, 10x11, 12x13, 14x15ன்னு போயி 30x32ல முடியும். ஒவ்வொரு ஸ்பேனர்லயும் உங்களுக்கு ஒரு பக்கம்தான் உதவும். கடைசி நாலஞ்சு ஸ்பேனர் லாரிக்குத்தான், நாமக்கல்லு திருச்செங்கோட்டுல லாரிக்காரங்களும் ரிக் வண்டிக்காரங்களும் அதை வெச்சுப் பொழைக்கறாங்க, ஸ்விஃப்ட்டுல 30x32வ எங்க கொண்டுபோயி மாட்டறது?

அதுக்குப் பதிலா காம்பினேஷன் ஸ்பேனர் சில்லறையா வாங்குங்க. ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் ரிங், ரெண்டும் ஒரே சைஸு. ரிங்குல இளக்கி, வாயில சுத்தி எடுத்தரலாம். வாய்ப்பக்கம் 15 டிகிரி சாய்ஞ்சிருக்குதுல்ல, அது சும்மா இல்ல. இடம் இல்லாத எடத்துல ஒரு தடவை திருப்பிப்போட்டு ஸ்பேனரைக் கவுத்து மாட்டுனா மறுபடி புடிக்கும், 30 டிகிரி ஆட எடம் இருந்தாப் போதும், நட்டு கழண்டு வந்துரும்.

ஜூன் 3, மத்தியானம்

பிராண்டு எதுன்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. நம்ம நாட்டு கை டூல்ஸ் பெரும்பாலும் ஜலந்தர், லூதியானா பக்கமிருந்து வருது, டபாரியா நாசிக்ல. என் கையில இருக்கறது எச்சா டபாரியாதான், தைரியமாச் சொல்லுவேன். ஆனா அதே பேரு போட்ட டூப்ளிகேட்டும் சந்தையில கெடக்குது, அதனால பில்லுப் போட்டுக் குடுக்கற கடையில எடுங்க.

பேரைவிட இதைப் பாருங்க. பாக்கெட்டுல 10 தலை போல்ட்டு ஒண்ணு, 14 தலை ஒண்ணு போட்டுக்கிட்டு கடைக்குப் போங்க. ஸ்பேனர் வாய்க்குள்ள போல்ட்டை உட்டு ஆட்டிப் பாருங்க. நல்லதுல ஆட்டமே தெரியாது, தலையோட தட்டைப் பக்கம் முழுசா வாயோட ஒட்டி நிக்கும். மட்டமானதுல ஒரு துளி ஆட்டம் இருக்கும், அந்த ஒரு துளிதான் பிரச்சனையே. பலம் குடுக்கறப்ப ஸ்பேனர் தட்டையில அழுத்தாம மூலையில போயி ஏறும், மூலை மின்னும், அடுத்த தடவை மின்னுன எடம் மழுங்கும், அதுக்கடுத்த தடவை நட்டு ரவுண்டு. அப்பறம் வைஸ் கிரிப்பு, உளி, வெல்டிங்குன்னு செலவு இழுத்துட்டே போகும். கடைக்காரரு சலிச்சுக்குவாரு, பரவால்ல, ஆட்டிப் பாத்தே வாங்குங்க.

ஜூன் 4

பல்லடத்துக்காரரு எழுதியிருக்காரு: "எங்க தோட்டத்துச் சாளையில டிராக்டர் டூல்ஸ், போர் மோட்டார் தூக்கற டூல்ஸ் எல்லாம் கெடக்குது, அதையே காருக்கு வெச்சுக்கலாமுங்களா?"

சுத்தியலு, நெம்புகோலு, ஜாக்கி வெச்சுக்கலாமுங்க. பைப் ரெஞ்சைக் காருப் பக்கமே கொண்டுவராதீங்க. அது உருண்டைப் பைப்பைக் கடிச்சுப் புடிக்கறதுக்குப் பண்ணுனது, பல்லு வெச்சிருக்கும், நட்டுல போட்டா ஆறு பக்கமும் கடிச்சு வெச்சிரும். ஸ்க்ரூ ஸ்பேனரும் அவசரத்துக்கு மட்டும்.

டிராக்டர் ஸ்பேனர்ல இன்னொரு வெவகாரம் இருக்குது. பழைய டிராக்டர்கள்ல இஞ்ச் சைஸ் நட்டு நெறைய வரும், அந்த ஸ்பேனரும் இஞ்ச்தான். 3/4 இஞ்ச்சுங்கறது 19.05 மில்லி, அதனால 19 நட்டுல அம்சமா உக்காரும். 5/8 இஞ்ச்சு 15.9 மில்லி, 16க்குச் சமம்னே வெச்சுக்கலாம். ஆனா 1/2 இஞ்ச்சு 12.7 மில்லி. அதைக் காரோட 12 நட்டுல போட்டா முக்கா மில்லி ஆடும். மாட்டுன மாதிரிதான் இருக்கும், அழுத்துனா வழுக்கும். தோட்டத்து டூல்ஸை ஒரு பெட்டியில, காரு டூல்ஸை வேற பெட்டியில போட்டு வெய்யுங்க, கலக்க உடாதீங்க.

ஜூன் 4, ராத்திரி

ஆறு சைஸ்னு சொன்னேன், அதுக்கூட ஒரு 13 சேத்துக்கோங்க தம்பி. உங்களுது கை மாறுன வண்டி. ஜப்பான் வண்டியில எம்8 போல்ட்டுக்கு (தண்டு 8 மில்லி தடிமன்) தலை 12. நம்ம ஹார்டுவேர் கடையில கெடைக்கற எம்8க்குத் தலை 13. எம்10க்கு வண்டியில 14, கடையில 17 இல்லன்னா 16. முன்னாடி யாராச்சும் ஒரு போல்ட்டைத் தொலைச்சுப்போட்டு கடை போல்ட்டை மாட்டி உட்டிருப்பாங்க. பானெட்டுக்குள்ள ஒரே ஒரு 13 தலை மட்டும் தனியாத் தெரிஞ்சா அது கம்பெனி போல்ட்டு இல்லன்னு கண்டுபுடிச்சுக்கலாம்.

அந்த மாதிரி போல்ட்டு பிரேக்லயோ சஸ்பென்ஷன்லயோ இருந்துச்சுன்னா தலையில என்ன நம்பர் பொறிச்சிருக்குதுன்னு பாருங்க. 8.8, 10.9ன்னு இருக்கோணும், அது போல்ட்டோட பலத்தைச் சொல்ற நம்பர். ஒண்ணுமே இல்லாத மொட்டைத் தலைன்னா ஒரிஜினல் வாங்கி உடனே மாத்துங்க, இதுல யோசனையே வேண்டாம்.

ஜூன் 6

ஜாக்கி. இதைத்தான் மொதல்ல எழுதியிருக்கோணும். ஸ்பேனர்ல காசு மிச்சம் புடிச்சா நட்டுத்தான் போகும், இதுல மிச்சம் புடிச்சா ஆளே போயிரும்.

வண்டியோட வர்ற கத்திரி ஜாக்கி டயரு மாத்தறதுக்கு மட்டும். அதை நம்பி வண்டிக்கடியில தலைய மட்டுமில்ல, கையக்கூட உடாதீங்க. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், உள்ள சீலு போச்சுன்னா சத்தமில்லாம எறங்கிரும். தூக்கறதுக்கு ஜாக்கி, நிக்கறதுக்கு ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஸ்டாண்டு, மேல பின்னு போட்டு லாக் ஆகற மாதிரி, எத்தனை டன்னுன்னு எழுதியிருக்கறதா வாங்குங்க. சமதரையில நிறுத்தி, தரையில இருக்கற ரெண்டு டயருக்கும் முன்னயும் பின்னயும் கல்லு வெச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, மேனுவல்ல காட்டியிருக்கற எடத்துல மட்டும் தூக்கி, ஸ்டாண்டு மேல எறக்கி, வண்டியத் தள்ளி ஆட்டிப் பாத்துட்டுத்தான் அடியில போகோணும். கழட்டுன வீலையும் அப்படியே பாடிக்கடியில படுக்க வெச்சிருங்க.

நம்மூர்ல ஹாலோ பிளாக்கு எங்க பாத்தாலும் கெடக்குது, வீடு கட்டுன மிச்சம். அதை முட்டுக் குடுக்கறவங்களை நான் நெறையப் பாத்திருக்கேன். அது பரவலா வர்ற எடையைத்தான் தாங்கும், ஜாக்கி பாயிண்டு மாதிரி ஒரு முனையில எடை உக்காந்தா கண்ணாடி மாதிரி சட்டுனு ஒடைஞ்சிரும், முன்கூட்டி ஒரு சத்தம்கூடக் குடுக்காது. தயவுபண்ணி வெக்காதீங்க. செங்கலும் வேண்டாம்.

தோட்டத்துல டிராக்டருக்குன்னு பள்ளம் கட்டி வெச்சிருக்கறவங்க குடுத்து வெச்சவங்க. ஆயில் மாத்த அதுதான் பத்திரம்.

ஜூன் 7

திருப்பூர்லருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்குது, "பஞ்சர் ஆனா வண்டியில குடுத்த வீல் ஸ்பேனர்ல என்னால நட்டைக் கழட்டவே முடியறதில்லண்ணா, ஏறி மிதிக்கறேன், அப்பவும் வரல. பலம் பத்தாதா?"

பலம் இல்ல அம்மணி, நீளந்தான் பத்தல. பல சின்னக் காருக்கு வீல் நட்டு இறுக்கம் 85லருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். 30 சென்டிமீட்டர் ஸ்பேனர்ல 85 குடுக்கோணும்னா நுனியில 29 கிலோ அழுத்தோணும். 60 சென்டிமீட்டர் கம்பின்னா 15 கிலோ போதும். ஆனா டயர் கடையில ஏர் கன் வெச்சு கண்ட மாதிரி இறுக்கி உட்டர்றாங்க, எனக்கே அப்படி ஒரு கடையில இறுக்கி உட்டு, காங்கேயம் தாண்டி தாராபுரம் ரோட்டுல பஞ்சராகி, ரோட்டோரத்துல ஒரு புண்ணியவான் லாரிக்காரரு நீளக் கம்பி குடுத்துத்தான் கழண்டுச்சு. அதுக்கப்பறம் அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட்டு மாட்டற சதுர முனையோட அளவு) பிரேக்கர் பார்னு நீளக் கைப்பிடி ஒண்ணும், நட்டு சைஸுக்கு ஒரு சாக்கெட்டும் டிக்கியில போட்டுட்டேன். மாருதின்னா 19, ஹுண்டாய்னா 21. கம்பியக் கீழ் பாத்து அழுத்தற மாதிரி மாட்டுங்க, மேல தூக்கற மாதிரி வேண்டாம், இடுப்பு புடிச்சுக்கும். வண்டி தரையில இருக்கறப்பவே கால் சுத்து இளக்கிட்டு அப்பறம் ஜாக்கி போடுங்க.

டயர் கடையில நிக்கறப்ப "கன்னுல ஓட்டுங்க, கடைசி இறுக்கம் கையில குடுங்க"ன்னு கேளுங்க. கேட்டா பண்ணுவாங்க.

ஜூன் 7, ராத்திரி

ராட்செட் ஹேண்டில்ல (சாக்கெட்டைக் கழட்டாமயே க்ளிக் க்ளிக்னு முன்னும் பின்னும் ஆட்டிச் சுத்தற கைப்பிடி) பைப்பைச் சொருகி நீளம் பண்ணாதீங்க, உள்ள பல்லு உதுந்துரும். இளக்கறதுக்கு பிரேக்கர் பார், சுத்தறதுக்கு ராட்செட்.

ஜூன் 9

ராட்செட் எந்த சைஸு? ஒண்ணே ஒண்ணு வாங்கறதுன்னா 3/8 டிரைவ். நம்மூர்க் கடைகள்ல அரை இஞ்ச்சும் கால் இஞ்ச்சும்தான் கண் முன்னாடி தொங்கும், 3/8ஐக் கேட்டு வாங்கோணும். கால் இஞ்ச்சு சின்ன வேலைக்கு, அரை இஞ்ச்சு காருக்குள்ள பல எடத்துல நொழையாது. பல்லு எத்தனைன்னு கேளுங்க. 24 பல்லுன்னா ஒரு க்ளிக்குக்கு 15 டிகிரி ஆட்டோணும், 72ன்னா 5 டிகிரி போதும். கை நொழையற சந்துல இந்த வித்தியாசம் பெருசு.

சாக்கெட்டு 6 முனை வாங்குங்க. 12 முனை மாட்டறதுக்கு லேசு, ஆனா துருப்புடிச்ச நட்டுல மூலையத் தேய்ச்சுரும். 3 இஞ்ச்லயும் 6 இஞ்ச்லயும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன், முடிஞ்சா ஒரு யுனிவர்சல் ஜாயிண்டு. பிளக்குக்கு உள்ள ரப்பர் வெச்ச 16 சாக்கெட்டு, பழைய வண்டின்னா 21ம் இருக்கும், கழட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

ஜூன் 10

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கோணும்னு அளவு வெச்சு இறுக்கற டூல்) பத்தி நான் ஒண்ணுமே எழுதலயேன்னு பொள்ளாச்சி அண்ணன் கேட்டிருக்காரு. ஆரம்பத்துலயே வேண்டாம்னுதான் நெனச்சுட்டு இருந்தனுங்ணா, விலையும் ஜாஸ்தி, ஆயில் பிளக்கு இறுக்கறதுக்குக் கைக் கணக்கே போதும்னு. இப்ப ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கறப்ப, தம்பி பிளக்கும் மாத்தோணும்னு கேட்டிருக்கறதால மனசு மாறுது. பிளக்கு மாட்டற இன்ஜின் ஹெட்டு அலுமினியம். பிளக்கை எச்சா இறுக்கி மரை போச்சுன்னா ஹெட்டைக் கழட்டி லேத்துக்குத் தூக்கிட்டுப் போகோணும்.

ரெஞ்ச் இல்லாமப் பண்றவங்க புது பிளக்கைக் கையாலயே கடைசி வரைக்கும் சுத்துங்க, அது உக்கார்ற வரைக்கும் ராட்செட் போடவே கூடாது, எக்ஸ்டென்ஷனை மட்டும் விரல்ல புடிச்சுச் சுத்துங்க. எதாச்சும் முட்டுனா மரை கோணிக்கிச்சுன்னு அர்த்தம், திருப்பி எடுத்து மறுபடி மாட்டுங்க. உக்காந்ததுக்கப்பறம் வாஷர் வெச்ச 14 மில்லி பிளக்குன்னா அரைச் சுத்துலருந்து மூணுல ரெண்டு சுத்து. பழைய பிளக்கையே திருப்பி மாட்டறீங்கன்னா வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், பன்னெண்டுல ஒரு பங்கு சுத்து போதும். இன்ஜின் ஆறியிருக்கோணும்.

ரெஞ்ச் வாங்கறவங்க க்ளிக் டைப் எடுங்க. க்ளிக்குன்னு ஒரு தடவை கேட்டா நிறுத்திருங்க, உறுதிக்கு ரெண்டு தடவை மூணு தடவைன்னு அழுத்தறது தப்பு. அதை வெச்சு நட்டை இளக்காதீங்க. வேலை முடிஞ்சதும் ஸ்கேல்ல இருக்கற கம்மி நம்பருக்கு எறக்கி வெச்சுருங்க, இல்லன்னா ஸ்பிரிங் தளந்து போயிரும். வீல் நட்டுக்கு வாங்குன பெரிய ரெஞ்சுல பிளக்கை இறுக்கறதும் வேண்டாம், ஸ்கேலோட அடிப்பக்கம் அது சரியாக் காட்டாது.

ஜூன் 11

பேட்டரியக் கழட்ட 10 ஸ்பேனர் ஒண்ணு போதும். மொதல்ல மைனஸ், அப்பறம் பிளஸ். மாட்டறப்ப பிளஸ் மொதல்ல. பாடி பூராவும் மைனஸுங்கறதால, மைனஸ் மாட்டியிருக்கறப்ப பிளஸ்ல வெச்ச ஸ்பேனர் பாடியத் தொட்டா நெருப்பு பறக்கும். கையில மோதரம் இருந்தாக் கழட்டி வெச்சுருங்க.

ஜூன் 14

திருப்புளி. ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுட்டு இருப்போம். ஜப்பான் வண்டியில வர்ற ஸ்டார் ஸ்க்ரூவோட பள்ளம் கொஞ்சம் வேற, நாம வாங்கற பிலிப்ஸ் திருப்புளி அதுல அடி வரைக்கும் எறங்காம மேல ஏறி ஏறி வரும், நாலு தடவை வழுக்குனா ஸ்க்ரூ மொட்டை. சில ஸ்க்ரூத் தலையில ஒரு குட்டிப் புள்ளி குத்தியிருக்கும், அது அந்த ஜாதி. அதுக்குன்னு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) திருப்புளி கெடைக்குது, ஒரு நம்பர் 2 வாங்கி வெச்சாக் காருக்கும் பைக்குக்கும் ஆகும். பழைய பைக் கார்புரேட்டர்ல கை வெக்கறவங்களுக்கு இது இல்லாம முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள்ல டூல்ஸ் வாங்கலாமான்னு ஒருத்தரு. தாராளமா வாங்கலாம், மில்லு மூடுனப்ப வந்த நல்ல நல்ல ஸ்பேனர்கூடக் கெடைக்கும், கனமா, வாய் விரியாம. வாங்கறப்ப வாய் ரெண்டு பக்கமும் இணையா இருக்குதான்னு போல்ட்டை உட்டுப் பாருங்க. 1/4 டபிள்யூன்னு பொறிச்சிருந்தா அது பழைய விட்வொர்த் கணக்கு, அந்த நம்பர் போல்ட்டோட தடிமனைச் சொல்லுது, வாயோட அகலத்தை இல்ல. அகலம் 13.3 மில்லி வரும். நம்ம காருக்கு ஆகாது. பழைய இங்கிலீஷ் வண்டி, பழைய ஆயில் இன்ஜின் வெச்சிருக்கறவங்க பாத்தா உடாதீங்க.

இன்னொண்ணு, கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கு வேற எங்கயும் கெடைக்காத வசதி ஒண்ணு இருக்குது. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்னு எங்க திரும்புனாலும் லேத்துப் பட்டறை. புல்லர், புஷ் அடிக்கற டிரிஃப்ட்டு, ஒரே ஒரு வேலைக்குன்னு வேண்டிய ஸ்பெஷல் டூலு, இதுகளை ஆன்லைன்ல தேடாதீங்க. அளவு எடுத்து ஒரு தாள்ல வரைஞ்சு கொண்டுபோங்க, கடைஞ்சு குடுத்துருவாங்க. பம்ப்பு மோட்டார் பண்ற ஊர்ல இதெல்லாம் அவங்களுக்கு டீ குடிக்கற நேரத்து வேலை. ஜி.டி. நாயுடு வாங்குன மோட்டார் சைக்கிளைக் கழட்டி மாட்டித்தான் கத்துக்கிட்டாருன்னு நாம சொல்லிச் சொல்லி வளந்த ஊரு, கழட்டறதுக்குப் பயப்படலாமா?

ஜூன் 18

தம்பி பிரேக் பேட் போடப் போறாராம். அதுக்கு வேண்டியது: காலிப்பர் (பேடைப் புடிச்சு அழுத்தற பாகம்) பின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர், பல வண்டியில 12 இல்லன்னா 14, பின்னோட சுத்தாமப் புடிக்க ஒரு ஒல்லியான ஸ்பேனர், பிஸ்டனை உள்ள தள்ள ஒரு ஜி கிளாம்ப்பு, காலிப்பரைத் தொங்கவிடக் கட்டுக்கம்பி. பிரேக் ஹோஸ்ல தொங்க உட்டறாதீங்க, கம்பியில ஸ்பிரிங்குக்குக் கட்டுங்க. தள்றதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் டப்பா மூடியத் தெறந்து ரொம்பியிருக்குதான்னு பாருங்க, வழிஞ்சா பெயிண்டைத் தின்னுரும்.

பிரேக் பைப்பு நட்டை மட்டும் சாதா வாய் ஸ்பேனர்ல தொடாதீங்க. அந்த நட்டு சாஃப்ட்டு, ரெண்டு பக்கந்தான் புடிக்கும், மழுங்கிரும். அதுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர்னு ரிங்குல ஒரு வெட்டு வெச்சது வரும்.

முடிச்சதும் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருங்க. மொத மிதியில பெடல் தரைக்குப் போகும், பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கறதால. அதை மறந்துபோட்டு ரிவர்ஸ் எடுத்தா சொவத்துல போயித்தான் நிக்கும். மொத நாளே ஆழியாறு மேல வால்பாறைக்கு ஏறாதீங்க, 40 கொண்டை ஊசி எறங்கி வரோணும், அதுக்கு முன்ன சமரோட்டுல ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பேடு உக்காரட்டும்.

ஜூன் 19

வீல் நட்டை எதிர் எதிரா இறுக்குங்க, வட்டமா இல்ல. ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி செக் பண்ணுங்க.

ஜூன் 23

பொள்ளாச்சி அண்ணன் சொன்னது சரி, தேங்கா நார் மில்லுப் பக்கம் ஓடற வண்டிக்கும், பல்லடம் சோமனூர்ல பஞ்சுக்குள்ள ஓடற வண்டிக்கும் ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் சீக்கிரம் அடைச்சுரும், கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்கக் கூடாது. பல வண்டியில இதுக்கு டூலே வேண்டாம், கிளிப்பைத் தெறந்தாப் போதும். கிளிப்பு ஒடையாம இருக்க பிளாஸ்டிக் பட்டி ஒண்ணு வாங்கிக்கோங்க, இரும்புத் திருப்புளிய உட்டு நெம்புனா டேஷ்போர்டுல வடு விழுந்துரும்.

ஜூலை 1

கடைசியா ஈரோட்டுக்காரரு, ஃபோக்ஸ்வேகன் வெச்சிருக்கறவரு: "நீங்க சொன்ன சைஸ் எதுவும் எனக்குச் சேர மாட்டேங்குதே?"

சேராதுங்க. ஐரோப்பா வண்டிக்கு 10, 13, 16, 18ன்னு வரும், உங்களுக்கு 12ம் 14ம் ரொம்ப வேலை இல்ல. அதுபோக டார்க்ஸ் பிட்டு (ஆறு முனை நட்சத்திரம் மாதிரி) வேணும், டி20, டி25, டி30 அடிக்கடி வரும். சில எடத்துல பன்னெண்டு முனை ஸ்ப்ளைன் போல்ட்டும் இருக்கும், பாக்கறதுக்கு டார்க்ஸ் மாதிரியே தெரியும், டார்க்ஸ் பிட்டை அடிச்சு உட்டீங்கன்னா உள்பக்கம் செதஞ்சுரும். டார்ச் அடிச்சு முனைய எண்ணிப் பாருங்க, ஆறா பன்னெண்டான்னு. பள்ளத்துல அழுக்கு அடைச்சிருந்தா ஊசியில கிண்டி எடுத்துட்டு பிட்டை முழுசா எறக்கி, சுத்தியல்ல லேசா ஒரு தட்டுத் தட்டிட்டு அப்பறம் திருப்புங்க. பிட்டு மட்டும் எஸ்2 ஸ்டீல்னு போட்டது எடுங்க, மத்தது முறுக்கிக்கும்.